நாயை யாரிடம் விடுவது? நல்ல குரூமரைத் தெரிந்தெடுக்கும் வழி

முதல் முறை நாயைக் கொண்டுபோகும்போது குரூமர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். வயது என்ன, ரேபிஸ் தடுப்பூசி எப்போது போட்டது, வலிப்பு வந்ததுண்டா, காதில் சீழோ தோலில் புண்ணோ இருக்கிறதா, எங்கே தொட்டால் சீறும், டிரையர் சத்தம் பழக்கமா, கடைசியாக எப்போது சாப்பிட்டது? இத்தனையும் கேட்டு, தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்ப்பவர் பாதித் தேர்வில் தேறிவிட்டார். ஒரு கேள்வியும் கேட்காமல், "விட்டுட்டுப் போங்க சார், 6 மணிக்கு வந்து கூட்டிக்கங்க" என்று கயிற்றைக் கையில் வாங்கிக்கொள்பவரிடம், கடை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நாயை விட வேண்டாம்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாய்க்கு முடி வெட்டுபவர் இன்ன படிப்புப் படித்திருக்க வேண்டும், இன்ன தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் விலங்கு விற்பனையைப் பற்றியவை. கடைக்கு மாநகராட்சி உரிமம் இருக்கலாம். கத்திரி பிடிக்கும் கைக்கு அது சான்று ஆகாது. சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்தால், எங்கே கற்றார், எத்தனை மாதம், அதன்பின் யாரிடமாவது உதவியாளராக இருந்தாரா என்று கேட்டுவிடுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். உட்கார வைத்துப் பதில் சொல்வார்.

அழகாக வெட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு. நாய் பயந்தால் நிறுத்துவது, தோலில் சந்தேகம் வந்தால் நிறுத்தி டாக்டரிடம் அனுப்புவது, உரிமையாளர் கேட்டாலும் கூடாததைச் செய்ய மறுப்பது: இந்த மூன்றும் இருப்பவரைத் தேடுங்கள். வாலில் பந்து வைத்து வெட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் உங்கள் நாயின் முடியை அறியுங்கள்

குரூமரை மதிப்பிட வேண்டுமானால் உங்கள் நாய்க்கு என்ன தேவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் ஊர் நாய்களுக்கு முடி வெட்டு என்பதே கிடையாது. மாதம் ஒரு குளியல், ரப்பர் கையுறையால் ஒரு தேய்ப்பு, நகம் வெட்டு, காது பார்வை, அவ்வளவுதான். இவற்றுக்கு 'ஃபுல் குரூமிங்' தொகுப்பை விற்கப் பார்க்கும் கடை உங்கள் பணத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் ராஜபாளையத்தைப் பற்றி ஒன்றைக் குரூமரிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாமல் இருப்பது உண்டு. காது கேளாத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கத் திரும்பும். அதை முரட்டு நாய் என்று முடிவுகட்டி வாயைக் கட்டிவிடுவார்கள். முன்பக்கம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுத் தொடுபவருக்குத்தான் இந்த நாய் அடங்கும்.

ஷி ட்சூ, லாசா ஆப்சோ, மால்டீஸ், பூடில் போன்றவை வேறு சாதி. இவற்றின் முடி நம் தலைமுடிபோல் வளர்ந்துகொண்டே போகும். 4 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை வெட்டாவிட்டால் கண்ணை மறைக்கும், ஆசனவாயை அடைக்கும், அக்குளில் சடை விழும். நல்ல குரூமர் அதிகம் தேவைப்படுவது இந்த வீடுகளுக்குத்தான்.

மூன்றாவது வகையில்தான் நம் ஊரில் பெரிய தவறு நடக்கிறது. கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, பொமரேனியன் ஆகியவற்றுக்கு இரட்டை அடுக்கு முடி. உள்ளே பஞ்சு, வெளியே நீள முடி. ஏப்ரல் பிறந்ததும் "பாவம், வேர்க்குது, மொட்டை அடிச்சிருங்க" என்று கொண்டுபோகிறார்கள். அதற்கு 'சம்மர் கட்' என்று பெயரும் வைத்து, பணமும் வாங்கி, மழித்து அனுப்புகிறார்கள். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்வை உண்டு. மேல் முடி வெயில் தோலில் படாமல் காக்கிறது. அதை மழித்தால் தோல் வெந்துபோகும். பொமரேனியன், ஹஸ்கி போன்றவற்றில் மழித்த இடத்தில் முடி மாதக்கணக்கில் முளைக்காமல் திட்டுத் திட்டாக நிற்பதும் உண்டு. இவற்றுக்கு வேண்டியது உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுப்பதும், காற்று உள்ளே போக வழி விடுவதும்தான். போனில் பேசும்போதே, "எங்க கோல்டனுக்கு ஜீரோ கட் பண்ணுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்குப் பண்ணக் கூடாதுங்க, டாக்டர் சொன்னால்தான் பண்ணுவேன்" என்று பதில் வந்தால் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குள் போய்ப் பாருங்கள்

நாயில்லாமல் ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல், வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில் போங்கள். நல்ல கடை உள்ளே காட்டும். நாய் உரிமையாளரைப் பார்த்தால் துள்ளும், ஆடும். கத்திரி முனையில் அது ஆபத்து என்பதால், வேலை நடக்கும்போது உரிமையாளரைக் கண்ணில் படாமல் நிற்கச் சொல்வது நியாயம். ஆனால் கண்ணாடிச் சுவரோ கேமராவோ இருக்க வேண்டும். முழுக்க மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நாய் வந்து சொல்லாது.

டிரையரைப் பாருங்கள். கையில் பிடித்து முடியிலிருந்து நீரை ஊதித் தள்ளும் வேகக் காற்று டிரையர் நல்லது. சத்தம் அதிகம் என்பதால் காதை மூடும் துணிப்பட்டை போடுகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். பயப்பட வேண்டியது கூண்டு டிரையர். ஈர நாயைக் கூண்டில் அடைத்து, சூடான காற்றை உள்ளே திருப்பிவிட்டு, அடுத்த நாயைக் குளிப்பாட்டப் போய்விடுவார்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். ஓட முடியாத கூண்டில் அந்த இரண்டு டிகிரி ஏற வெகு நேரம் ஆகாது. பக், புல்டாக், ஷி ட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கும் வசதியே குறைவு. இப்படி அடைபட்டு நாய்கள் இறந்திருக்கின்றன. சூடான காற்றடிக்கும் கூண்டைக் கண்டால் வேறு கடை பாருங்கள். இதில் பேரம் இல்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். கத்திரி வெயிலில், ஏசி நின்ற அறையில், பாதி உலர்ந்த நாயோடு உட்கார்ந்திருப்பது விளையாட்டல்ல. இன்வெர்ட்டர் இருக்கிறதா, இல்லையென்றால் உங்களை உடனே அழைப்பார்களா என்பது முன்பே தெரிந்திருக்கட்டும்.

மூக்கையும் நம்புங்கள். கடையில் ஷாம்பு வாசனையும் கொஞ்சம் ஈர நாய் வாசனையும் வரும். மூத்திர நாற்றமும் அழுகல் நெடியும் வரக் கூடாது. ஒரு நாய்க்கும் அடுத்த நாய்க்கும் நடுவில் மேசையைத் துடைக்கிறார்களா, சீப்பையும் பிளேடையும் கிருமிநாசினியில் நனைக்கிறார்களா? பார்வோ வைரஸ் தரையிலும் சாமான்களிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண சோப்பு அதை ஒன்றும் செய்யாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். படர்தாமரையும் சொறியும் துண்டு வழியாகவே பரவிவிடும்.

பெரும்பாலோர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ஷாம்புவைத் தண்ணீரில் கலக்குவது எப்போது? பெரிய கேன் ஷாம்புவைப் பாட்டிலில் கலந்து நாள்கணக்கில் வைத்திருந்தால் அதில் கிருமி பெருகும். அந்த ஷாம்புவை முடியின் எதிர்த்திசையில் அழுத்தித் தேய்க்கும்போது கிருமி முடிக்கால்களுக்குள் இறங்கும். ஓரிரு நாளில் முதுகில் வலியோடு கொப்புளங்கள், காய்ச்சல், தொட்டால் அலறல். வீட்டில் முதுகுவலி என்று நினைத்துக் காத்திருப்பார்கள். அன்றன்றைக்குக் கலந்து மிச்சத்தைக் கொட்டிவிடுகிற கடையில் இந்தத் தொல்லைக்கு இடம் மிகக் குறைவு.

கையைப் பாருங்கள்

கோவை சாய்பாபா காலனிப் பக்கம் சின்னக் கடை ஒன்றில் ஓர் இளைஞர் வேலை செய்வதைப் பார்த்தேன். மேசையில் பழுப்பு வெள்ளை ஷி ட்சூ, நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் டிரிம்மரை நாயிடமிருந்து எட்டத்தில் ஓடவிட்டார். நாய் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்து, மறுபடி முகத்தைத் திருப்பும்வரை காத்திருந்தார். பிறகு ஓடும் டிரிம்மரின் பின்பக்கத்தை, பிளேடு படாமல், தோளில் வைத்து அதிர்வைப் பழக்கினார். முதல் வரியை வெட்டுவதற்கு முன் பிளேடைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை மறுபடி மணிக்கட்டு. ஓடும் பிளேடு சூடேறும். அந்தச் சூடு வயிற்றுத் தோலிலும் தொடை இடுக்கிலும் பட்டால் சிவந்து எரியும். இதை அவருக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

காதுக்குப் பின்னால் வந்ததும் நிறுத்திவிட்டு உரிமையாளரை அழைத்தார்.

"அக்கா, இதைச் சீவி எடுக்க முடியாதுங்க. தோலோட ஒட்டிப் பிடிச்சிருக்குது. இழுத்தா ரொம்ப வலிக்குமுங்க."

"எடுத்துட்டா மொட்டையாத் தெரியுமே தம்பி?"

"தெரியுமுங்க்கா. ரெண்டு மாசத்துல வளந்துரும். அப்புறம் வீட்ல தினமும் சீவுங்க, நான் நீளமாவே விட்டுத் தர்றேன். இன்னிக்குக் காதை ரொம்ப உதறுச்சுன்னா, காது வீங்குச்சுன்னா, எனக்குப் போன் பண்ணாம நேரா டாக்டர்கிட்டப் போயிருங்க."

கடைசி வாக்கியம்தான் அவருடைய தரம். சடை கட்டிய காதை மழித்தபின் நாய் விடாமல் உதறினால் காது மடலில் ரத்தம் கட்டும். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை முன்கூட்டியே சொல்லவும் செய்தார். கெட்டியான சடையைக் கத்திரியால் நறுக்கப் போகிறவர் தோலையும் சேர்த்து நறுக்குவார். சடைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை வைத்தோ, டிரிம்மரால் தோலை ஒட்டியோதான் எடுக்க வேண்டும்.

மேசையில் நாயின் கழுத்தில் ஒரு சுருக்கு வளையம் மாட்டியிருப்பார்கள். அது விழாமல் இருக்க உதவி. அதை மாட்டிவிட்டு ஒரு நொடி நகர்ந்தாலும் நாய் குதித்துத் தூக்கில் தொங்கிவிடும். போன் ஒலித்தால் குரூமர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒரு கை நாயின் மேல் இருக்க வேண்டும், அல்லது நாய் தரையில் இருக்க வேண்டும்.

நாய் உறுமுவதற்கு முன்பே பல விதமாகச் சொல்லிவிடுகிறது: உதட்டை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், வாலைச் செருகும். இதைப் படிக்கத் தெரிந்தவர் ஒரு நிமிடம் விட்டுப் பிடிப்பார். தெரியாதவர் இறுக்கிப் பிடிப்பார், அதட்டுவார், இரண்டு பேரைக் கூப்பிட்டு அமுக்குவார். வாய்க்கூடு மாட்டுவது தவறில்லை, ஆனால் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடிகிற கூடை வகையாக இருக்கட்டும். வாயை இறுகக் கட்டும் துணிப்பட்டையோடு டிரையர் போட்டால், சூட்டை வெளியேற்ற நாய்க்கு இருக்கும் முக்கிய வழியையே அடைத்ததாகும்.

குரூமர் செய்யக் கூடாதவை

மயக்க ஊசி, மயக்க மாத்திரை இரண்டையும் கால்நடை மருத்துவர் மட்டுமே தர வேண்டும். "கடிக்குது சார், லேசா ஒரு மாத்திரை குடுத்துக்கலாம்" என்று சொல்பவரிடமிருந்து நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கத்தில் மூச்சுத் தடைப்படும். உடலில் கொழுப்புக் குறைந்த வேட்டை நாய் வகைகளில் சில மயக்க மருந்துகளின் வேகம் எளிதில் இறங்காது. தொடவே விடாத நாய்க்கு மயக்கம் தேவைதான். அதை மருத்துவமனையில், டாக்டர் பக்கத்தில் இருக்க, அங்கேயே முடி வெட்டிக்கொள்ளுங்கள்.

உண்ணி மருந்து இன்னொன்று. நம் வெப்பத்தில் ஆண்டு முழுக்க உண்ணி உண்டு. எர்லிகியா, பேபிசியா காய்ச்சலை அதுதான் கொண்டுவருகிறது. அதற்காக, மாட்டுக்கு அடிக்கும் மருந்தைக் கண்ணளவில் வாளியில் கலந்து ஊற்றும் கடைகள் இருக்கின்றன. அமிட்ராஸ் அதிகமானாலும், ஈரம் காயுமுன் நாய் நக்கினாலும் நாய் சோர்ந்து விழும், இதயத் துடிப்பு குறையும். ஐவர்மெக்டின் ஊசி கோலி இன நாய்களின் உயிரையே எடுக்கலாம். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த எதுவும் வேண்டாம். பூனைக்கு அது விஷம். கண்ணில் பட்ட உண்ணியைக் கிடுக்கியால் எடுப்பதோடு குரூமர் நிற்கட்டும். மருந்து எது, எவ்வளவு என்பதை நாயின் எடையைப் பார்த்து டாக்டர் எழுதட்டும்.

காதுக்குள் பட்ஸ் விடுவது, நோயில்லாத காதில் முடியைப் பிடுங்குவது, ஒவ்வொரு குளியலிலும் ஆசனவாய்ச் சுரப்பியைப் பிதுக்குவது ஆகிய மூன்றும் பல கடைகளில் வழக்கமாகவே நடக்கின்றன. மூன்றும் தேவையில்லை. நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தாலோ, அங்கே நக்கிக்கொண்டே இருந்தாலோ டாக்டர் பார்க்கட்டும். காதில் நாற்றமோ கறுப்பு அழுக்கோ இருந்தாலும் அப்படியே. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோல், காது நோய்களை அங்கே காட்டலாம்.

நகம் வெட்டும்போது சில சமயம் ரத்தம் வரும். கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் வெளியே தெரியாது; நல்ல கைக்கும் இது நேரும். ரத்தம் நிறுத்தும் பொடி பக்கத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. முன்காலின் உட்புறம் உயரத்தில் இருக்கும் தனி நகத்தையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். தரையில் தேயாத அந்த நகம் வளைந்து சதைக்குள்ளேயே குத்திவிடும்.

வீட்டுக்கு வரும் வேன்

கூட்டத்தையும் மற்ற நாய்களையும் தாங்காத நாய்க்கும், வயதான நாய்க்கும் வேன் நல்ல ஏற்பாடு. விதிகள் மாறாது. கூடுதலாக வேனில் ஏசி ஓடுகிறதா, தண்ணீர் போதுமா, முந்தைய வீட்டு நாய்க்குப் பின் துடைத்தார்களா என்று பாருங்கள். கதவைத் திறக்குமுன் நாயைக் கட்டுகிறார்களா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பயந்த நாய் ஒரு தாவில் ரோட்டுக்குப் போய்விடும்.

முதல் தடவையும் அதன் பின்னும்

குட்டிக்கு ஆரம்பத் தடுப்பூசி வரிசை முடிந்த பிறகே கடைக்குக் கொண்டுபோங்கள். முதல் நாள் வெட்ட வேண்டாம். மேசையில் ஏறி, தின்பண்டம் தின்று, டிரையர் சத்தத்தை எட்டத்திலிருந்து கேட்டுவிட்டு வந்தால் போதும். இதற்கு ஒத்துக்கொள்ளும் குரூமர் கிடைத்தால் விடாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தைத் தவிருங்கள்: கடையில் கூட்டம், வெளியே வெடி, நாய்க்கு ஏற்கெனவே பாதி உயிர் இல்லை. கோடையில் காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். ஒரு ஷி ட்சூவை முறையாகக் குளிப்பாட்டி, உலர்த்தி, வெட்ட ஒன்றரை முதல் 2 மணி நேரம் வேண்டும். அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்றால் எதையோ விடப்போகிறார். காலை விட்டால் மாலைதான் என்றால் நடுவில் நாய் எங்கே அடைபட்டிருக்கும் என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் அக்குள், தொடை இடுக்கு, காது மடல் ஓரம், விரல் இடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். வெட்டும் எரிச்சலும் மறைவது இங்கேதான். சின்ன வெட்டு ஒன்று இருந்து, குரூமர் தானாகவே, "இந்த இடத்துல பட்டுருச்சுங்க, மருந்து போட்டிருக்கேன்" என்று சொல்லியிருந்தால் அவரை மாற்ற வேண்டாம். நீங்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு, "அது முன்னாடியே இருந்துச்சு" என்று சொல்பவரை அன்றே விட்டுவிடுங்கள். காயம் பெரிதென்றால் படம் எடுத்து, டாக்டரிடம் காட்டி, சீட்டையும் கடை ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்; பணம் கொடுத்துப் பெறும் சேவையின் குறைபாட்டுக்கு நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். மூச்சிரைப்பு நிற்காமல், நாக்கு கருஞ்சிவப்பாக, நடை தள்ளாடி நாய் வெளியே வந்தால் சண்டை போட நிற்காதீர்கள். சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, காற்றுப்பட வைத்து, அப்படியே மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள்.

நல்லவர் கிடைத்த பிறகு உங்கள் பக்கத்து வேலையும் இருக்கிறது. வீட்டில் தினமும் பத்து நிமிடம் சீவிவிடுங்கள்; சடை கட்டிய நாயைக் கொண்டுபோய் நீள முடி கேட்காதீர்கள். நாய் கடித்த வரலாறு இருந்தால் மறைக்காதீர்கள். அவர் கையும் கைதானே. "இன்னிக்கு ரொம்பப் பயப்படுது, நகம் மட்டும் வெட்டியிருக்கேன், மிச்சம் அடுத்த வாரம்" என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காமல், அவர் செலவிட்ட நேரத்துக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வாருங்கள்.